கேட்கிற காது

அவருடைய அம்மாவின் பெயர் சுலைகா பீவி. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய சொந்தப் பெயர்தான் தெரியாது. எனக்கு மட்டுமல்ல, ஹட்டனுக்கும் றொசல்லவுக்கும் நடுவே, ரயில் பாதைக்குக் கீழே, பதின்மூன்று கடைகளும் ஒரு தகரக்கூரைப் பள்ளிவாசலுமாக இருந்த எங்கள் கடைவீதியில் யாருக்குமே தெரியாது. எல்லாருக்கும் அவர் குப்பி.

அத்தாவின், அதாவது அப்பாவின், அக்கா தங்கையைக் குப்பி என்று கூப்பிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். இவர் யாருடைய அத்தாவுக்கும் கூடப்பிறந்தவர் அல்லர். ஆனாலும் நானும் குப்பி என்றேன், என் அத்தாவும் குப்பி என்றார். மூலைக்கடைச் சிங்கள முதலாளி, மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கும் குப்பி விளக்கின் பெயரைத்தான் இந்த அம்மாளுக்கு வைத்திருக்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெருநாளுக்குப் புது விளக்கொன்றை அன்பளிப்பாகக்கூடக் கொடுத்தார். குப்பி அதை வாங்கிக்கொண்டு, "உங்க அம்மா பேரு என்னாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் குப்பி. அவரைப் பற்றி வேறு எது எழுதினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

பிழைப்புக்கு மெத்தை தைத்தார். தோட்டத்துப் பங்களாக்களுக்கு இலவம்பஞ்சு மெத்தை, தொழிலாளர் லயத்தில் கலியாணம் கட்டுகிற பிள்ளைகளுக்குப் பழைய பஞ்சை அடித்துப் புதிதாக்கிய மெத்தை. முக்காட்டில், புருவத்தில், சில நாள் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆமாம், லேசாக மீசை உண்டு. இடது காது சுத்தமாகக் கேட்காது. ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்து அரைக்கிற மெஷின் சத்தத்தில் போனது என்பார். கட்டின மாப்பிள்ளை கத்திக் கத்தியே போனது என்றும் சொல்வார். கேட்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எல்லாரும் வலப்பக்கம் போவோம். அவரைப் பற்றி முணுமுணுக்க வேண்டுமென்றால் இடப்பக்கம்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வழக்கத்தில், இறந்தவரின் உடலான மையத்தை அடக்கி மண் தள்ளி முடிந்ததும் பள்ளிவாசல் லெப்பை கப்றுக்குழியின் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதுவார். 'இன்னார் மகனே' என்று இறந்தவரைக் கூப்பிட்டு, இப்போது மலக்குகளான வானவர்கள் இரண்டு பேர் வந்து உன் இறைவன் யார், உன் நபி யார் என்று கேட்பார்கள், பயப்படாமல் இன்ன பதிலைச் சொல் என்று எடுத்துக் கொடுப்பது அது. அந்த 'இன்னார்' அத்தாவின் பெயர் அல்ல, அம்மாவின் பெயர். தெரியாவிட்டால், எல்லா மனிதருக்கும் தாயான ஹவ்வாவின் பெயரைச் சொன்னால் போதும் என்று லெப்பை சொல்வார். குப்பிக்கு அது பிடிக்காது.

"ஹவ்வா மகனேன்னு கூப்பிட்டா, மையவாடியில இருக்கற அத்தனை பேருமில்ல என்னையத்தான்னு எந்திரிச்சு உக்காருவான்!"

அதனால் கடைவீதிக்கு யார் வந்தாலும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வார். இதனால் ஒருமுறை அடிதடி வரப் பார்த்தது. நாவலப்பிட்டியிலிருந்து உருளைக்கிழங்கு லொறி கொண்டுவந்த முஸ்லிம் நானா ஒருவர் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தார். குப்பி எதிரே போய் நின்று, "ஒங்க அம்மா பேரு என்னா?" என்றார்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட உம்மாட பேர் ஒங்களுக்கு எதுக்கு?"

"ஒங்க பேரு வேணாம். அத லொறியிலேயே எழுதியிருக்காங்க. நீங்க பாட்டுக்கு இந்த வளைவுல லொறிய பள்ளத்துல விட்டுட்டுப் போயிட்டீங்கன்னா, நாங்க யாரு மகனேன்னு கூப்பிடறது?"

அந்த நானா தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார். நாவலப்பிட்டி வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனார் என்று கிளீனர் பையன் பிறகு சொன்னான். அடுத்த வாரம் அவரே மெத்தைக் கடை வாசலில் லொறியை நிறுத்தி, இறங்காமலே, "ஆயிஷா உம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். குப்பி தலையை ஆட்டிக்கொண்டார். எழுதப்படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பெயரும் மறக்காது.

இறந்தவர்களுக்குக் காது கேட்கும் என்பதில் குப்பிக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. பெண் மையத்துகளைக் குளிப்பாட்டுவது அவர்தான். ஆண்கள் பார்க்க முடியாது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கலாம். குப்பியின் குரலுக்குப் பலகையெல்லாம் ஒரு தடையே அல்ல.

"இந்தா தாயி, தண்ணி சூடு பாத்துட்டேன், சரியா இருக்கு. மேலுக்கு ஊத்தறேன். கையத் தூக்கறேன், கூச்சப்படாத. இந்தப் பக்கம் திரும்பு. ம், அம்புட்டுத்தான். நல்ல புள்ள."

ஒருமுறை கூட இருந்த பெண்ணொருத்தி, மௌத்தான அம்மாள் தன்னுடைய தேங்காய்த் துருவியை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தரவேயில்லை என்று மெதுவாக ஆரம்பித்தாளாம். குப்பி செம்பை நிறுத்திவிட்டார்.

"கேட்டுக்கிட்டு இருக்கா. பதில் சொல்ல மாட்டாங்கற தைரியத்துலதானே பேசற? நேத்து வந்து கேட்டிருக்கலாம்ல? மன்னிப்புக் கேளு."

அந்தப் பெண் மையத்திடம் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம்தான் தண்ணீர் ஊற்றினார். கபன் துணி சுற்றும்போது குப்பி தன் சொந்த வேலையையும் பார்த்துக்கொள்வார். குனிந்து, மையத்தின் காதில், கடைவீதி முழுக்கக் கேட்கும்படி இரகசியம் சொல்வார்.

"அங்க எங்க வீட்டுக்காரரப் பாத்தா, கூரைத் தகரம் மாத்தியாச்சுன்னு சொல்லிரு."

கூரை ஒழுகுவதைப் பற்றி அவர்கள் இருவருக்கும் இருபது வருடச் சண்டை. அது முடிவதற்குள் கணவர் மௌத்தாகிவிட்டார். மூன்று மாதம் கழித்து இன்னொரு அம்மாள் இறந்தபோது செய்தி மாறியது. "மறுபடியும் ஒழுகுதுன்னு சொல்லு. அவரு சொன்ன ஆணியப் போட்டுத்தான் ஒழுகுதுன்னு சொல்லு."

இப்படி இருந்த ஊருக்கு இளம் மௌலவி வந்து சேர்ந்தார். இருபத்துநாலு வயது. இந்தியாவில் ஓதிவிட்டு வந்தவர். அமைதியாகப் பேசுவார். நான் அப்போது எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்ட முதல் ஆள் நான். குப்பி என்னை எஸ்.எஸ்.சி. என்றே கூப்பிடுவார். மௌலவியும் நானும் படித்தவர்கள் என்பதால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு உடனே சரியாகப் பட்டது. அவர் சொன்னது இதுதான்: இறந்தவர்களுக்கு நாம் பேசுவது கேட்காது. ஆகவே தல்கீன் தேவையில்லை. அவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டால் போதும்.

பள்ளிவாசல் இரண்டாகியது. முப்பது பேர் தொழுகிற இடம் இரண்டானால் என்ன மிஞ்சும்? ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லெப்பையும் மௌலவியும் எல்லார் முன்னாலும் பேசித் தீர்ப்பது என்று முடிவானது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் தோளில் சுமந்துகொண்டு போனேன். நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'கேட்கும்', மறுபக்கம் 'கேட்காது' என்று எழுதினேன். எந்தக் காரியத்தையும் முறையாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்போது மிகுதியாக இருந்தது.

மௌலவி முதலில் பேசினார். மரித்தவர்களைக் கேட்கச் செய்ய உம்மால் முடியாது என்றும், கப்றுகளில் உள்ளவர்களைக் கேட்க வைப்பவர் நீர் அல்லர் என்றும் வேதமே நபியிடம் சொல்லியிருக்கிறதே என்றார். 'கேட்காது' பக்கம் ஒன்று, இரண்டு என்று எழுதினேன்.

லெப்பை, அங்கே மரித்தவர்கள் என்றது உள்ளம் செத்த மறுப்பாளர்களை என்றார். பிறகு பத்ருப் போர் முடிந்து, கிணற்றில் போடப்பட்டுக் கிடந்த எதிரிகளைப் பெயர் சொல்லி அழைத்து நபியவர்கள் பேசியதையும், உயிரில்லாத உடல்களோடா பேசுகிறீர்கள் என்று கேட்ட தோழரிடம், அவர்களைவிட நீங்கள் ஒன்றும் அதிகமாகக் கேட்டுவிடவில்லை என்று சொன்னதையும் எடுத்துச் சொன்னார். 'கேட்கும்' பக்கம் எழுதினேன். அது அந்த நேரத்துக்கு மட்டுமான தனி அற்புதம் என்றார் மௌலவி. அவர்கள் இப்போது கேட்கிறார்கள் என்றல்ல, இப்போது அறிந்துகொண்டார்கள் என்றுதான் நபி சொன்னதாக ஆயிஷா நாயகியே விளக்கியிருக்கிறார்கள் என்றார். அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் செருப்புச் சத்தம் மையத்துக்குக் கேட்கும் என்று ஹதீஸ் இருக்கிறதே என்றார் லெப்பை. பலகையில் இடம் குறைந்துகொண்டே வந்தது. பின்வரிசையில் நாலைந்து பேர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

குப்பி வெளியே முற்றத்தில், பள்ளிவாசல் பாய்களுக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தார். வலது காது கதவுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருந்தார்.

"மௌலவி தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க குப்பி."

"மையவாடிக்குப் போனா கப்றாளிகளுக்கு ஸலாம் சொல்லச் சொல்லியிருக்காங்களா இல்லியா?"

"சொல்லியிருக்காங்க."

"என்னான்னு சொல்லணும்?"

"உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்னு."

"யாரு மேல?"

"அது அவங்களுக்காக நாம கேக்கற துஆ, குப்பி. அவங்களுக்குக் கேக்கணும்னு அவசியமில்ல."

"அப்ப 'அவங்க மேல'ன்னுல்ல சொல்லணும்? 'உங்க மேல'ன்னா மூஞ்சியப் பாத்துப் பேசற பேச்சுல்ல?" பல்லால் நூலை அறுத்துக்கொண்டே சொன்னார். "சரி, அவங்கள விடுங்க. அந்தத் தூணோரம் சாஞ்சிருக்கானே தையல்காரன், அவனுக்கு உசுரு இருக்கு. நீங்க இம்புட்டு நேரம் பேசினது அவனுக்குக் கேட்டுச்சா?"

தையல்காரர் திடுக்கிட்டு எழுந்து "ஆமீன்" என்றார்.

சபை கலைந்தது. வேண்டுகிறவர்களுக்கு ஓதலாம், வேண்டாதவர்களுக்கு விட்டுவிடலாம் என்று சமாதானமானது. லெப்பையும் மௌலவியும் ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடித்தார்கள். ஆனால் அந்தச் செருப்புச் சத்தத்தைக் குப்பி பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பும்போது தொப்புத் தொப்பென்று அழுத்தி மிதித்து நடப்பார்கள். இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியட்டுமாம். அது குப்பியின் ஏற்பாடு.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் அத்தா கேட்டார். தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருடம் கொழுந்து வாட்டியவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"பலகையில நீ எந்தப் பக்கம்?"

"கேக்காதுங்கற பக்கம் அத்தா."

"சரி. நான் மௌத்தாப் போனா எனக்கு ஓதச் சொல்லிரு."

"அத்தா..."

"எனக்கு அரபு வராது. மலக்குக கேட்டா பேந்தப் பேந்த முழிப்பேன். லெப்பை எடுத்துக் குடுத்தாருன்னா எப்படியாச்சும் சமாளிச்சுக்குவேன்."

"பரீட்சையில யாரும் எடுத்துக் குடுக்க விடமாட்டாங்க அத்தா" என்றேன். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவன் வேறு எப்படிப் பேசுவான்?

"அது ஒங்க பரீட்சை" என்றார் அத்தா. அன்றைய பத்து வார்த்தை தாண்டிவிட்டது.

அடுத்த மாசி மாதம் நெஞ்சுச் சளி கட்டி, நாலே நாளில் அத்தா போய்விட்டார். குளிப்பாட்டி, தொழுது, மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் மையவாடி ரயில் பாதைக்குக் கீழே, தேயிலைச் சரிவில் ஒரு துண்டு நிலம். மௌலவி துஆ கேட்டுவிட்டு, தல்கீன் ஆரம்பிக்கும் முன் வழக்கம்போல வேலிப் படலோரம் ஒதுங்கிப் போய் நின்றார். லெப்பை தலைமாட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். ஒவ்வொரு அடக்கத்திலும் பெயர் எழுதிய துண்டுக் காகிதம் கொடுக்க வேண்டும். நான் அதையும் முறையாகவே செய்திருந்தேன். அத்தாவின் தகரப் பெட்டியில், பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுத்த மனுவின் நகல் இருந்தது. தோட்டத்துப் பேரேட்டைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை எழுதியது. அதில் 'தாய்' என்ற இடத்தில் இருந்ததை, ஓர் எழுத்து விடாமல் காகிதத்தில் எடுத்து எழுதியிருந்தேன். அழுதுகொண்டு எழுதியதால் எழுதியது என்ன என்று யோசிக்கவில்லை.

லெப்பைக்குப் பார்வை மங்கல். காகிதத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கணீரென்று ஆரம்பித்தார்.

"யா அப்துல் காதர் இப்ன... மயிலம்மா!"

பின்னால் தையல்காரருக்கு இருமல் வந்தது. அது இருமல் அல்ல என்று எனக்குத் தெரியும். லெப்பை காகிதத்தை இன்னும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இருந்தது அதுதான். தொடர்ந்து ஓதி முடித்தார்.

நாங்கள் தொப்புத் தொப்பென்று மிதித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் விஷயம் பெண்களுக்குப் போய்விட்டது. குப்பி முகமெல்லாம் பஞ்சோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"ஏ எஸ்.எஸ்.சி.! ஒங்கத்தாவ யாரு மகனேன்னுடா கூப்பிட்டீங்க?"

"மனுவுல அப்படித்தான் இருக்கு குப்பி."

"மனுவா பெத்துச்சு?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அத்தாவைப் பெற்றவர் மைமூன் பீவி. திருச்சிப் பக்கத்திலிருந்து, குப்பியின் அம்மாவோடு ஒரே கூட்டத்தில், ஒரே கப்பலில் இந்த மலைக்கு வந்தவர். அத்தாவுக்கு எட்டு மாதம் ஆகும்போது காய்ச்சலில் இறந்துவிட்டார். பக்கத்துக் காம்பறாவில் குடியிருந்த மயிலம்மா தன் பிள்ளையோடு பிள்ளையாக அத்தாவை எடுத்து வளர்த்திருக்கிறார். அரிசி போடும்போது பிள்ளைக்கும் சேர்த்துக் கிடைக்கட்டும் என்று தன் பெயரையே பேரேட்டில் தாயாகச் சொல்லியிருக்கிறார். என் அத்தா இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்குள் இதற்கு இடம் கிடைத்திருக்காது.

அம்மா மூலையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா காலம். வெளியே போக முடியாது. "அப்ப அவருக்கு யாரும் எடுத்துக் குடுக்கலியா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானச் சோறு வந்தது, இராத்திரிச் சோறு வந்தது. இரண்டையும் தொடவில்லை.

மறுநாளும் தொடவில்லை. "இறந்தவங்களுக்குக் கேக்காதும்மா, எந்தப் பேரைச் சொன்னாலும் ஒண்ணுதான்" என்று மௌலவி எனக்குச் சொன்ன காரணங்களையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பயந்த சுபாவம்டா அவருக்கு" என்றார்.

குப்பி வேறு விதமாகப் பிடித்தார்.

"நீ பரீட்சை எழுதினப்ப ஒனக்கு ஒரு நம்பரு குடுத்தாங்கல்ல?"

"ஆமா."

"நம்பரத் தப்பாப் போட்டா என்னாவும்?"

எஸ்.எஸ்.சி. எழுதியபோது, சுட்டெண்ணைச் சரியாகப் போட்டேனா என்று பரீட்சை முடிவு வரும்வரை மூன்று மாதம் பதறியவன் நான். ஏழெட்டு முறை குப்பியிடமே சொல்லிப் புலம்பியிருக்கிறேன். அதை வைத்தே அடிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

லெப்பையிடம் போனேன். "தல்கீன் ஒரு தரந்தான் தம்பி. ரெண்டாந்தரம் ஓதினதா நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். மௌலவியிடம் போனேன். "மொதத் தரமே தேவையில்லன்னுதானே சொன்னேன்? ரெண்டாவது எதுக்கு?" என்றார். அவர்கள் இருவரும் முதன்முதலாக ஒத்துப்போனது என் அத்தா விஷயத்தில்தான்.

"அவங்க கெடக்கட்டும்" என்றார் குப்பி. "மகன் கூப்பிட்டா ஆகாதா? வா. நான் பாதையில நிக்கறேன்."

மூன்றாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு போனோம். பெண்கள் மையவாடிக்குள் வருவதில்லை என்பதால், குப்பி மேலே ரயில் பாதையோர நடைவழியில் நின்றுகொண்டார். நான் சரிவில் இறங்கி அத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கப் போனேன்.

"இரு!" என்று மேலிருந்து சத்தம். "கொழும்பு ரயில் வருது. போவட்டும். அந்தச் சத்தத்துல அவருக்கு என்னா கேக்கும்?"

ரயில் வந்தது. வளைவில் ஊதியது. சன்னலோரம் இருந்தவர்கள், முகத்தில் பஞ்சு ஒட்டிய ஓர் அம்மாள் ரயிலைப் பார்த்துச் சீக்கிரம் போ, போ என்று கை வீசுவதைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பிறகு மூடுபனியும் நானும்தான். என் வயதுக்கும் படிப்புக்கும் நான் செய்வது அசட்டுத்தனம் என்று தெரிந்தது. ஆனாலும் மண்ணுக்கு அருகே குனிந்து, "அத்தா, மைமூன் பீவி மகனே" என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்னதும் மனம் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் விட்டுப்போனவரின் பெயர் அது. ஓடி விளையாடிய பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிட்ட குரல் வேறல்லவா? ஆகவே, "மயிலம்மா மகனே" என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, மலக்குகள் வந்து கேட்டால் இறைவன் அல்லாஹ், நபி முகம்மது, வேதம் குர்ஆன் என்று ஒவ்வொன்றாக, அத்தாவுக்குப் புரிகிற தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பரீட்சையில் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மேலிருந்து குரல் வந்தது.

"கேக்கலடா! சத்தமாச் சொல்லு!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மண்ணோரம் குனிந்திருக்கும் நேரத்தில் இந்தக் கிழவி வேறு.

"ஒங்களுக்கு எதுக்குக் கேக்கணும்?" என்று நானும் கத்தினேன். "அத்தாவுக்குக் கேட்டாப் போதாதா?"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

பிறகு, "ஆங், போதும், போதும்! மேல ஏறி வா!" என்றார் குப்பி.

ஜெயித்துவிட்டதாக அவர் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டு வாசல் வரை வந்து, உள்ளே பார்த்து, "கூப்பிட்டாச்சு. ரெண்டு பேரயும் சொல்லிட்டான்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். ஆக, மேலே நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்கும் குப்பிக்கும் சோறு போட்டு, தானும் சாப்பிட்டார்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் குப்பி என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்.

"சுலைகா பீவி. எழுதினியா? வாசி. இன்னொருக்கா வாசி. எந்த மனுவையும் பாக்காத."

"சரி குப்பி."

"இன்னொண்ணு. என்னைய வலப்பக்கமா ஒருக்களிச்சுத்தானே வைப்பீங்க? கேக்கற காது மண்ணுக்குக் கீழ போயிரும். செவிட்டுக் காது மேல வரும்."

"அங்க போனா ரெண்டு காதும் கேக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்படித்தான் சொல்றாங்க. இருந்தாலும் லெப்பைய சத்தமா ஓதச் சொல்லிரு."

அந்த வருட ஐப்பசி மழையில் குப்பி போனார். நல்ல தூறல். மையவாடியில் லெப்பை தலைமாட்டில் உட்கார்ந்து கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். தாய் பெயர் சரியாக இருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய அவருடைய சொந்தப் பெயர்தான் இல்லை. அரிசிக் கூப்பன் புத்தகத்தையும் பார்த்தாயிற்று. அதிலும் குப்பியம்மா என்றுதான் இருந்தது.

"குப்பிங்கறது ஒறவுல்ல? பேரு என்னா?" என்றார் லெப்பை.

"அதுதாங்க பேரு. வேற பேர்ல கூப்பிட்டா யாரையோன்னு இருந்துருவாங்க" என்றேன்.

லெப்பை ஒத்துக்கொண்டார். மௌலவி அன்று வேலிப் படலுக்குப் போகவில்லை. லெப்பை நனையாமல் இருக்க அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். லெப்பைக்கும் வயதாகிவிட்டது, குரல் தூறலோடு தூறலாகக் கரைந்தது. சத்தமாக ஓதச் சொல்ல வேண்டும் என்பது என் நினைவுக்கு வந்து, நான் வாயைத் திறப்பதற்குள் மௌலவி குடையோடு குனிந்தார்.

"லெப்பை, அவங்களுக்கு எடது காதுதான் மேல இருக்கு. கொஞ்சம் சத்தமா ஓதுங்க."

லெப்பை அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.